தார்க்கோடும் வரித்தலை வாத்தும்

2024 டிசம்பர் 22, ஞாயிறு, காலை 6.40. பனிமூட்டம், காற்று இல்லை. வல்லத்துக்கு அருகே சங்கராபரணி ஆற்றங்கரைப் பாதையில் மைத்துனரோடு நின்றிருந்தேன். மப்ளரை மீறிக் காதில் குளிர் ஏறியது. எதிர்க்கரைச் சேற்றில் பதினொரு வாத்துகள். எல்லாத் தலையிலும் கறுப்புக் கோடு.

வரித்தலை வாத்து! இமயத்தைத் தாண்டி வருவது. எங்கள் பக்கம் நான் பார்த்ததே இல்லை.

பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அனுப்பியவற்றில் ஆறு, படம் இல்லாததால் ‘உறுதியாகவில்லை’ என்றே நிற்கின்றன. ஏழாவதும் அப்படியென்றால் இனி அனுப்ப வேண்டாம் என்று குழுவை நடத்தும் பேராசிரியர் மிகப் பணிவாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணிவுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இருந்தும் பொறுக்க முடியவில்லை. ‘வரித்தலை வாத்து, 11’ என்று அனுப்பிவிட்டேன். திண்டிவனத்திலிருந்து காரில் கிளம்பிவிட்டோம் என்று பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. மைத்துனர் செல்போனில் எடுத்த படத்தில் பனிதான் இருந்தது.

பனி விலகியபோது வாத்துகளுக்குப் பின்னால் கோலோடு ஒருவர் தெரிந்தார். வாத்து மேய்ப்பவர். முழங்கால் தண்ணீரில் இக்கரைக்கு வந்தவரிடம் கோட்டைப் பற்றிக் கேட்டேன்.

“தாருதாங்க. வேற மந்தையோட கலந்துபூடுச்சி. அடையாளத்துக்குப் போட்டுக்கினேன்.”

“இமயமலையிலேர்ந்து தார் பூசிக்கினு வந்திருக்கு மாமா” என்றார் மைத்துனர்.

கார் மயிலத்தைத் தாண்டியிருக்கும். என்ன சொல்வது? செய்ய ஒன்றும் தோன்றாமல், பழக்க தோஷம், மறுபடி எண்ணினேன். ஒன்பது தலைகளில் ஒற்றைக் கோடு. ஓரமாக நின்ற இரண்டின் பின்தலையில் இரண்டிரண்டு.

ரெட்டைக் கோடு போட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

“ஒன்னு போடவே தார் பத்தலிங்க.”

அசல் வரித்தலை வாத்துக்கு ரெட்டைக் கோடுதான். கார் வந்து நிற்கும்வரை யாரையும் அசையவிடவில்லை. இறங்கிய நால்வருக்கும் வாய் திறக்காமல் கையைக் காட்டினேன். கேமராக்கள் உயர்ந்த நேரம், அந்த இரண்டும் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பி எங்கள் தலைக்கு மேலேயே பறந்தன. நான் குனிந்தேவிட்டேன்.

மேய்ப்பவர் அண்ணாந்து பார்த்தார். “அது என்னுது இல்லிங்க. நம்மளது பறக்காது.”

கேமராவில் விழுந்த படத்தைப் பார்த்துவிட்டு, பேராசிரியர் அங்கேயே நின்று குழுவில் பதிந்தார்: ‘உறுதி செய்யப்பட்டது. எண்ணிக்கை 2.’ நான் அனுப்பிய 11 அதற்கு மேலேயே இருக்கிறது; அழிக்கவில்லை.

மேய்ப்பவரையும் சேர்த்து ஏழு பேருக்கு, வல்லம் கடையில் பொங்கல், வடை, டீ: ரூபாய் 595.