ஒரே ஃபைலில் அத்தனை பேர்

விருத்தாசலத்தில் என் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். கருவேப்பிலங்குறிச்சியில் மறுநாள் காலை கருமாதி. மாலை போட்ட படம் கொடுத்தாக வேண்டும். எடிட்டிங் சாஃப்ட்வேரோ ஒவ்வொரு கிளிக்குக்கும் நின்றது. நின்றால் நான் மவுஸைப் படபடவென்று தட்டுவேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது அசையும் வரை காத்திருந்தார்.

"கம்ப்யூட்டரு நல்லாத்தான் இருக்குதுங்க. கருமாதிப் படம் எல்லாத்தையும் இந்த ஒரே ஃபைல்லயா பண்றீங்க?"

"ஆமாங்க. மாலையும் விளக்கும் அப்படியே இருக்கும், முகத்த மட்டும் மாத்துவேன்."

"பழச அழிக்கலீங்களா?"

"செத்துப்போனவங்களாச்சே, மனசு வரலீங்க. மறைச்சு வச்சிருக்கேன்."

"மறைச்சாலும் உள்ளதான இருக்காங்க. அத்தன பேரையும் தூக்கிக்கிட்டு எப்படிங்க ஓடும்?"

அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமாகத் திறந்து தனி ஃபைலில் எடுத்து வைத்தார். பாரம் குறையக் குறைய வேகம் கூடியது. பாதிக்கு மேல் எங்குமே நிற்கவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால், திரையில் ஒரு அம்மாவின் முகம் வந்தது; பழுது பார்க்க வந்தவரின் அதே முகச்சாயல். அவர் கை மவுஸை விட்டு மடிக்குப் போனது.

"மறுபடி நின்னுடுச்சாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, நல்லா ஓடுது" என்றார். கை மடியிலேயே இருந்தது.