எராஸ்டீனாவின் ஃப்ரீசரில் சிங்கத்தின் எச்சம்

கோழிக்கும் சோடாவுக்கும் நடுவே சிங்கத்துப் பீயை வைக்க எந்தக் கடைக்காரி சம்மதிப்பாள்? எராஸ்டீனாவும் முதலில் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒகோண்டே ஊரில் ஃப்ரீசர் இருந்தது அவள் கடையில் மட்டும்தான். வனக்காவலன் கெப்ஹார்ட் கையில் டப்பாவோடு வாசலை விட்டு நகரவே இல்லை.

"பெரியம்மா, பைக்குள்ள பை போட்டு டப்பாவுல அடைச்சிருக்கேன். வாடையே வராது."

"வாடை வராதாம்ல! எராஸ்டீனா கடைக் கோழி சிங்கத்து வயித்துல இருந்து வருதுன்னு ஊரே சிரிக்கும். ஏன், உங்க ஆபீசுல ஃப்ரீசர் இல்லையா?"

"ஆபீஸ் ரொம்பத் தூரம், ஐஸ் பெட்டி வண்டி எப்பவாவதுதான் வரும். அதுவரைக்கும் உறைய வைக்கலேன்னா உள்ள இருக்கற ஹார்மோன் கெட்டுடும். அப்புறம் சிங்கம் சினையா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

ஆற்றுப் படுகையில் தனியாகத் திரிந்த அந்தப் பெண் சிங்கம் ஊர் மாடுகளை அடித்துக்கொண்டிருந்தது. சினையாக இருந்தால் பிடித்து மலைக்கு அப்பால் விடுவது, இல்லையென்றால் சுட அனுமதிப்பது என்று ஆபீசில் முடிவு செய்திருந்தார்கள். சினையா என்று பார்க்க மயக்க ஊசி போட வேண்டாம், கிட்டே போகவே வேண்டாம். எச்சத்தைத் தொடர்ந்து சேர்த்து அனுப்பினால் போதும், ஆய்வுக்கூடத்தில் ஹார்மோனை அளந்து சொல்லிவிடுவார்கள்.

இதைக் கேட்ட பிறகுதான் எராஸ்டீனா ஃப்ரீசரில் இடம் ஒதுக்கினாள். அந்தச் சிங்கம் சாக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் செத்ததும் அவன் சொந்தக்காரர்கள் வந்து, மலடிக்கு எதற்கு மந்தை என்று கேட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். போனால் போகிறதென்று ஒரு செவலைப் பசுவையும் இந்த ஃப்ரீசரையும் விட்டுவைத்தார்கள். ஃப்ரீசரை வைத்துக் கடை போட்டாள். பசுவின் பாலைச் சுரைக்குடுக்கையில் புளிக்க வைத்துக் குடித்தாள், விற்றாள். அந்தப் பசுவைத்தான் சிங்கம் தின்றது. புருஷனுக்கு அழுததைவிட அதற்கு அதிகமாகவே அழுதாள் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை.

டப்பாக்கள் சேரச் சேர, தம்பி ஆசெருக்குப் பொறுமை போய்விட்டது. அவனும் அதே சிங்கத்திடம் இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்தவன்.

"அக்கா, ஒரு மத்தியானம் சுவிட்சை அணைச்சுப் போடு. எல்லாம் கெட்டுப் போகட்டும். சினைன்னு எவன் சொல்லுவான்? சுட்டுத் தள்ளிடலாம்."

"என் ஃப்ரீசர்ல வச்சது கெட்டுப் போச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அது பீயா இருந்தாலும் சரி. போடா, போய் வேலையைப் பாரு."

அவன் போன பிறகு அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. சீச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். சினையாக இருந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

குளிர்காலம் முடியும்போது கெப்ஹார்ட் முடிவோடு வந்தான். ஆசெர் கடையில்தான் உட்கார்ந்திருந்தான்.

"சினை இல்லை, பெரியம்மா. எடுத்தனுப்பின எதுலயும் ஹார்மோன் ஏறவே இல்லை. வயசாயிடுச்சு, இனிமே குட்டி போடாதுங்கறாங்க. சுடறதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க."

"அப்பாடா!" ஆசெர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "மலட்டுச் சிங்கம்! அது இருந்து யாருக்கு என்ன ஆகப் போகுது? அக்கா, ஒரு சோடா எடு, கொண்டாடணும்."

எராஸ்டீனா சோடா எடுக்கவில்லை. ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனாலும் அவள் ஃப்ரீசர் மூடி மேல் கையை ஊன்றிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

"அது என் பசுவைத் தின்னுச்சு, உன் கன்னுகளைத் தின்னுச்சு. அதுக்காகச் சுடு, தோட்டா நானே வாங்கித் தர்றேன். மலடுதானே, தொலையட்டும்னு சொல்லிச் சுட்டேன்னா இந்த வாசப்படியை மிதிக்காதே."

"ஒரு சொல்லுக்கா இவ்வளவு கோவம், அக்கா?"

"அந்த ஒரு சொல்லுலதான்டா என் மந்தை மொத்தமும் போச்சு."