நிக்கோலா வீட்டுத் திறந்த கதவு

கடலோர ஊரான எங்கள் நெசெபரில் மதில் வாசலைத் தாண்டினால் திரும்பின பக்கமெல்லாம் தேவாலயம்தான். அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாதவன் ஊரில் கிடையாது. என்னைக் கேட்டால், பெருமைப்படப் பக்கத்து வீட்டு நிக்கோலா ஒருவன் போதும் என்பேன்.

மீன்பிடிக்கிறவன். எங்கள் வரிசை வீடுகளை மொத்தமாக வாங்கி ஓட்டல் கட்ட ஒருவர் வந்தபோது நாங்கள் எல்லாரும் சரி என்றோம். "என் வீடு விக்கிறதுக்கில்ல" என்று அவன் மட்டும் நின்றான். பேரம் முறிந்தது. தெருவே அவனோடு பேச்சை நிறுத்தியது. தூண்டிவிட்டது வேறு யார், ஸ்தமாத், என் வீட்டுக்காரர்தான்!

டிசம்பரில் புனித நிக்கோலா திருநாள் வந்தது. அந்தப் புனிதரின் பெயரை வைத்திருப்பதால் அவனுக்கு அது பெயர்நாள். பெயர்நாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்துவைத்தால் வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். ஒருவரும் வராவிட்டால் அந்த வீட்டைத் தெரு ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். நிக்கோலா விடிந்ததுமே கதவை அகலத் திறந்தான். அவன் மனைவி கலியோப்பி கெண்டை மீனைச் சுட்டுவைத்து, ரொட்டியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மதியம்வரை ஈ காக்கை இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

"போய் ஒரு வாய் சாப்பிட்டா உங்க கிரீடம் கீழ விழுந்துருமா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றார் ஸ்தமாத்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. திறந்த கதவு, உள்ளே மெழுகுவர்த்தி, சுவரில் புனிதர் படம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பயபக்தியோடு நுழைந்துவிட்டார்கள்.

"இது எந்த சர்ச்? டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று ஒருவர் தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

நிக்கோலா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது. "நிக்கோலா சர்ச்சுதான்! டிக்கெட் கிடையாது, சாப்பாடு உண்டு. உக்காருங்க!"

எனக்கு மானம் போனது. ஊர் பேர் தெரியாதவர்கள் உட்கார்ந்து சாப்பிட, நாங்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதா?

"நான் போறேன். நீங்க உங்க வீம்பையே வேகவச்சுத் தின்னுங்க!" என்று கிளம்பிவிட்டேன். என் பின்னாலேயே எதிர்வீட்டார் வந்தார்கள். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. கடைசியில் ஸ்தமாத்தும் வந்து வாசலிலேயே நின்றார்.

"என்ன அண்ணே, உங்களுக்கும் டிக்கெட் வேணுமா?" என்றான் நிக்கோலா.

"மீன் மிச்சம் இருக்கா?" என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

கலியோப்பி மூடிவைத்திருந்த தட்டைத் திறந்தாள். உள்ளே மீன்தலை. சிலுவை போல் எலும்புள்ள அந்தத் தலையை வீட்டுக்கு மிக வேண்டியவருக்குத்தான் வைப்பார்கள்.

"அடுப்புலேருந்து இறக்கினதுமே உங்களுக்குன்னு இவரு எடுத்து வச்சிட்டாரு" என்றாள்.