அண்ணன் தட்டும் அளவு

டொக். சற்று இடைவெளி. டொக், டொக், டொக், டொக்.

உள்ளறையிலிருந்து வந்த சத்தத்தில், டேப் அக்காவின் கத்தரிக்கோல் துணியின் மேல் வாயைப் பிளந்தபடியே நின்றுவிட்டது. மூன்று நாளாகக் கேட்காத சத்தம்!

"யாரோ தட்டறாங்களே?" என்றார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விடுதி அம்மா. மாற்றுத்திறனாளிகள் தங்கும் விடுதி ஒன்றின் மேலாளர் அவர். வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மடியில் ஒரு விண்ணப்பம்.

"எங்க அண்ணன்தான். பதினாலுங்கறான்" என்றாள் டேப் அக்கா.

கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் தெருவில் யாரும் கிடையாது. அதனால் அந்தப் பெயர். முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் அண்ணன். அவனுக்கு நாற்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே கைகால்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை. வாய்ப்பேச்சும் குழறும்; தங்கைக்குத்தான் சட்டென்று பிடிபடும். ஆனால் ஞாபகம்? அப்பப்பா! அந்தத் தையல் கடையில் அளவு நோட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. "இடுப்பு முப்பத்திநாலு!" என்று அவள் சுவரைப் பார்த்துக் கத்துவாள். அவன் கட்டில் கம்பியில் கரண்டியால் மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு நாலு தட்டு. பதிந்துவிட்டது என்று அர்த்தம். அரை இஞ்ச் என்றால் கரண்டியைக் கம்பியில் இழுத்து ஒரு 'கிறீச்'. ஆறு மாதம் கழித்து அதே ஆள் துணியோடு வந்தால், குரலை வைத்தே கண்டுபிடித்து, கேட்பதற்கு முன்னாலேயே தட்ட ஆரம்பித்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் மூன்று நாளுக்கு முன்னால் கரண்டியைத் தொட மறுத்துவிட்டான். "நோட்டு... வாங்கு" என்றான். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், ஒரு நோட்டு வாங்கி, தனக்கு ஞாபகம் இருந்ததை எழுதிவைத்தாள்.

விடுதி அம்மா வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மடங்கிய விரலின் முட்டியால், பதினோரு நாள், ஒவ்வோர் எழுத்தாகக் கைபேசியில் அழுத்தி, தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான்! தான் இல்லாமல் தங்கை தொழில் நடத்தப் பழகட்டும் என்றுதான் இந்தக் கரண்டி வேலைநிறுத்தம்.

கோபம் வந்தால் டேப் அக்கா பேசமாட்டாள், துணி வெட்டுவாள். விண்ணப்பத்தைப் படித்த கையோடு பேக்கரிக்காரம்மாவின் துணியை விரித்து, நோட்டைப் பார்த்து, "பேக்கரிக்காரம்மா, கை நீளம் பதினொண்ணு" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக் கத்தரிக்கோலைத் திறந்தாள்.

அப்போதுதான் அந்தப் பதினாலு விழுந்தது. அடுப்புச் சூடு படக்கூடாது என்று நீளக்கை கேட்பவர் பேக்கரிக்காரம்மா. வீட்டைவிட்டே போகத் துணிந்த மனசுக்கு, ஒரு கை மூன்று இஞ்ச் குறைவதைத் தாங்க முடியவில்லை!

கத்தரிக்கோலோடு உள்ளே பாய்ந்தாள். விடுதி அம்மா பதறிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"மூணு நாளா கல்லு மாதிரி கிடந்தியே, இப்ப எதுக்குத் தட்டின?"

"நீ... அந்தம்மா கைய... வேகவச்சிருப்ப."

"வேகட்டும்! எதுக்குடா விண்ணப்பம் போட்ட?" ஆத்திரத்தில் அண்ணன் 'டா' ஆகிவிட்டான்.

"எலக்ட்ரீசியன்... பேன்ட் தைக்க வந்தானே. கட்டிக்கிறியான்னு கேட்டானே. என்னாலதானே... வேணாம்ன. எனக்குச் சுவர் தாண்டிக் கேக்கும்."

"கேட்டா முழுசாக் கேக்கணும்! உங்கண்ணனுக்கு வேற இடம் பார்த்துரலாம்னான். துணியைக் கையில குடுத்து வாசலைக் காட்டினேன். அது போக, சட்டைப் பொத்தானை ஒண்ணு மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருந்தான். அந்தக் கோலத்துல ஒரு டெய்லர்கிட்ட வந்து கல்யாணம் கேக்கறான்!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தால் உடம்பு மொத்தமும் சிரிக்கும். கட்டில் கிடுகிடுத்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லு அண்ணே. அங்க இருக்கணும்னு உனக்கே ஆசைன்னா நானே பெட்டி கட்டறேன். எனக்காகத்தான்னா, கத்தரிக்கோல் இன்னும் என் கையிலதான் இருக்கு."

விடுதி அம்மா விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு அவனுக்கு நேராகக் குனிந்தார். "நீங்க சொல்லுங்க சார். உங்க முடிவுதான்."

அவன் வார்த்தைகளைச் சேர்க்க நேரம் பிடித்தது.

"இருநூத்திப் பத்து பேர் அளவு... எங்கிட்ட இருக்கு. குட்டி நோட்டை நம்பி... ஒப்படைக்க முடியாது. நான்... இங்கயே இருக்கேன்."

டேப் அக்கா டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு இஞ்ச் நனைந்தது. நேரே முன்னறைக்கு வந்து, ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் அந்த நோட்டைச் செருகினாள்.

விடுதி அம்மா விண்ணப்பத்தை மடித்துப் பையில் போட்டார். போகிற மனுஷிக்கு என்ன தோன்றியதோ, "எனக்கும் ரெண்டு சட்டை தைக்கணும்" என்றார்.

டேப் சுற்றியது. "இடுப்பு நாப்பத்திமூணு!"

உள்ளே நாலு தட்டு, மூன்று தட்டு. மூன்று நாள் பாக்கிக்கும் சேர்த்து அடித்தது போல வீடே அதிர்ந்தது.

"ஐயோ, தெருவுக்கே கேக்குமே! நாப்பத்திரெண்டுன்னு வச்சுக்கக் கூடாதா?"

உள்ளே மறுபடியும் நாலு, மூன்று.

"பதிஞ்சா பதிஞ்சதுதாங்க. யாருக்காகவும் மாத்தமாட்டான்."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார் விடுதி அம்மா. டேப் அக்கா கதவைச் சாத்தினாள்.