இருபத்து நான்கு சக்கரங்கள்

அட்டைப் பெட்டியில் ஒரு கார் செய்வது பத்து நிமிட வேலை. அதையே இரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தால் ஒன்றரை மணி நேரப் பயம்.

எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. முப்பது வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன், பெட்டி பிரித்தேன். மனைவி இறந்து போன பிறகு, புக்கிட் பாத்தோக் வீட்டில் சும்மா கிடந்த ஒரு நாள், பிரித்த பெட்டியைத் திரும்ப மடித்துப் பார்த்தேன். லாரி மாதிரி இருந்தது. சிவப்புச் சாயம் பூசி ஜன்னலோரம் வைத்தேன். என் மனைவியோடு தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஜெசிந்தா, என்னைப் பார்க்க வந்தபோது அந்த லாரியையும் பார்த்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளையாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார் அவர். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஆறு பிள்ளைகள். பெற்றோர் வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள்.

"வந்து அட்டை வண்டி செஞ்சு குடுங்கண்ணே. மூணு மாசம் பார்ப்போம்" என்றார்.

எனக்கு வாரத்தில் நாலு வார்த்தை பேசக் கிடைத்தது அந்தச் சனிக்கிழமையில்தான். என் தவறால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் போய்விடும். சின்னப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து பழகிய உங்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கைகள் மேலே

முதல் நாளே ஜெசிந்தா விதிகளைச் சொல்லிவிட்டார். கதவு திறந்தே இருக்க வேண்டும். நான் எந்தப் பிள்ளையையும் தூக்கக் கூடாது. கழிவறைக்கு அவர்தான் அழைத்துப் போவார். "உங்களைச் சொல்லலண்ணே. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான் லா." எனக்கு வருத்தமில்லை. முன்பின் தெரியாத அறுபத்தைந்து வயது ஆள். நான் தகப்பனாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் விதிகள் பிள்ளைகளுக்குத் தெரியாதே. இரண்டாவது வாரம், ஜெசிந்தா ஒரு பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப் போயிருந்த நேரம், ஜோயல் என்ற பையன் நீலச் சாயம் அப்பிய கைகளோடு ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். விடவில்லை. கன்னத்தை என் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே "கார், கார்" என்றான். நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். தோள் வலிக்கத் தொடங்கியது. நிமிர்ந்தால், கதவருகே ஜோயலின் அப்பா. கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம். அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே நிற்கும் என் கைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"என்ன அங்கிள், அவன் கையில துப்பாக்கியா வெச்சிருக்கான்?"

பச்சை பஸ்

எனக்குப் பெட்டிகள் கொடுத்தவை பக்கத்துத் தெரு மளிகைக் கடைகள். ஒவ்வொரு பெட்டியையும் மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்ப்பேன். பெட்டியை மூட அடித்த கம்பி ஊசி ஒன்று மிச்சமிருந்தாலும் பிள்ளையின் கையில் ஏறிவிடும். ஒருமுறை பிள்ளைகள் உள்ளே தவழ்ந்து போகிற அளவுக்குப் பெரிய பெட்டி கிடைத்தது. ஊசியே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டி, பச்சைச் சாயம் இரண்டு பூச்சுப் பூசி, பஸ்ஸாக்கிக் கொண்டுவந்தேன்.

முதல் பயணி யாழினி. இரண்டரை வயது. தவழ்ந்து உள்ளே போனாள். பத்து எண்ணுவதற்குள் அப்படி ஓர் அலறல். வெளியே இழுத்தால் கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, முகமெல்லாம் கண்ணீர். ஜெசிந்தா குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ன கடித்தது என்று நான் பஸ்ஸுக்குள் தலையை விட்டேன். நாலு தும்மல் வந்தது. மிளகாய்த்தூள் வந்த பெட்டி. பக்கவாட்டில் அச்சடித்திருந்த மிளகாய்ப் படத்தின் மேல்தான் இரண்டு பூச்சும் பூசியிருக்கிறேன். ஊசியைத் தேடிய மும்முரத்தில் படத்தைப் பார்க்கவில்லை. கண் கழுவி, அழுகை அடங்கியதும் யாழினியின் அம்மா மகளை முகர்ந்து பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"அங்கிள், பிள்ளையை பஸ்ல ஏத்துனீங்களா, சாம்பார்ல போட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்தயக் காரெல்லாம் இரண்டாம் பட்சம். குப்பை லாரிதான் ராஜா. ஆதவ் என்ற பையனுக்குப் பின்கதவு திறந்து மூடுகிற குப்பை லாரி ஒன்று செய்து கொடுத்தேன். அவனே மஞ்சள் பூசினான். கட்டிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் அப்பா போனில் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பாசிர் ரிஸ்ஸில் குடியிருக்கும் தம்பி. அவர் பெயரைத் திரையில் பார்த்தேன். சாயத்தைத் தின்றுவிட்டானா? அட்டை கிழித்துவிட்டதா? "ஆதவ் நல்லா இருக்கானா தம்பி?" என்றுதான் போனை எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தான். அவர்கள் வீட்டில் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாய், போட்டது நேரே கீழ்த்தளத் தொட்டியில் விழும். பையன் லாரியில் சரக்கு ஏற்றியிருக்கிறான்: ஒரு சாக்ஸ், ரிமோட், வீட்டுச் சாவிக்கொத்து. ஏற்றியதை ஒழுங்காக இறக்கவும் இறக்கியிருக்கிறான், குழாய்க்குள். தம்பி அப்போது அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குப்பைத் தொட்டி அருகே துப்புரவுக்காரரோடு நின்றுகொண்டிருந்தார். சாக்ஸ் கிடைத்துவிட்டதாம்.

"லாரிக்குக் கதவு வெச்சீங்க, சரி. ஒரு பூட்டும் வெச்சிருக்கலாம்ல அங்கிள்?"

இருபத்து மூன்று

வகுப்பு தொடங்கும் முன் சக்கரங்களை எண்ணுவேன், முடிந்ததும் எண்ணுவேன். ஆறு கார், இருபத்து நான்கு சக்கரம். சக்கரம் என்பது ஊறுகாய் போத்தலின் அகலமான பிளாஸ்டிக் மூடி. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் எனக்காகச் சேர்த்து வைப்பார். பிள்ளைகள் கையில் கொடுக்கும் எதையும் முதலில் காலியான டாய்லெட் ரோல் குழாய்க்குள் போட்டுப் பார்ப்பேன். அதற்குள் நுழைகிற பொருள் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் நுழையும். அதைக் கொடுக்கக் கூடாது.

பத்தாவது வாரம் நான்கு மூடி குறைந்தது. வீட்டில் தண்ணீர்ப் போத்தல் மூடிகள்தான் இருந்தன. ஒன்றைக் குழாய்க்குள் போட்டேன். தடையில்லாமல் மறுபக்கம் வந்து விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். ஒரு நாள்தானே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று அந்த நான்கும் யாழினியின் காருக்குப் போயின.

வகுப்பு முடிந்து எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். யாழினியின் காரில் மூன்றே சக்கரம். பாயைத் தூக்கிப் பார்த்தோம், சாயத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம், ஆறு பிள்ளைகளையும் வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து யாழினி இரண்டு தரம் இருமினாள். அவள் அம்மா உள்ளே வந்துவிட்டார். "எங்கேயாவது உருண்டிருக்கும் லா" என்றார் ஜெசிந்தா. யாழினியின் அம்மா என்னிடம் திரும்பினார். "மூடி பெருசுதானே அங்கிள்? முழுங்க முடியாதுதானே?"

எல்லாப் பெற்றோரும் வாசலில் நின்றார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. சின்ன மூடி. குடுக்கக் கூடாததைக் குடுத்துட்டேன்."

அவர் பிள்ளையை வாரிக்கொண்டு படியிறங்கி டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காராகத் தடவினேன். யாழினியின் காரை எடுத்தேன். உள்ளும் புறமும் மஞ்சள் அப்பியிருந்தது. முன் ஜன்னல் வழியே விரலை விட்டேன். உட்புறம், ஓட்டுநர் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே, வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது, காணாமல் போன மூடி. ஒரு கை நிறையப் பசை வைத்து ஒட்டி, மேலே மஞ்சளும் பூசியிருந்தாள். நாங்கள் செய்த எந்தக் காரிலும் ஸ்டியரிங் இல்லை. அது அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஜெசிந்தா உடனே யாழினியின் அம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு குரலில் அவர் கேட்டார்:

"இப்ப எங்க டோக்கன் நம்பரைக் கூப்பிடுறாங்க. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது அங்கிள், ஸ்டியரிங் கிடைச்சிருச்சுன்னா?"

பிளாஸ்டிக் நாற்காலி

அடுத்த சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே போய், இனி வரவில்லை என்று, என்னிடமிருந்த அறைச் சாவியை ஜெசிந்தாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தப்பு தப்புதாண்ணே. ஆனா கேட்டவுடனே ஒத்துக்கிட்டீங்க. மூணு மாசம் இன்னும் முடியல, உள்ள போங்க" என்றார். அன்று ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். வராத பிள்ளையின் வீட்டார் காரணம் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை.

யாழினியும் வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, வெளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அறைக்கு நடுவே போட்டார். என்னிடமிருந்து டாய்லெட் ரோல் குழாயை வாங்கி, இருபது மூடிகளையும் ஒவ்வொன்றாக அவரே வைத்துப் பார்த்தார். ஒன்றும் நுழையவில்லை. குழாயை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் சுவரோரம் நின்றபடியே பசை எடுத்துக் கொடுத்தேன், அட்டை எடுத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். காலால் இன்னொரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்:

"நான் இனிமே உள்ளதான் உட்காருவேன் அங்கிள். நீங்களும் உட்காருங்க, காலு நடுங்குது பாருங்க."

அந்த மூன்று மாதம் முடிந்து இப்போது எத்தனையோ சனிக்கிழமைகள் போய்விட்டன, நான் இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நான் செய்த அட்டை வண்டிகளில் ஒன்றுகூட இதுவரை ஓரடி ஓடியதில்லை, ஓடியதெல்லாம் நான்தான்.