மாமனுக்குப் பூமுடி, மருமகனுக்கு மொட்டை

தை மாதம் போய்வந்த பயணம். குழந்தையை வைத்துக்கொண்டு எழுத உட்கார இவ்வளவு நாளாகிவிட்டது. திருமானூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகனுக்கு முதல் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். என் அண்ணனுக்கு ஐப்பசியில்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தால் மருமகனோடு தானும் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். முன்னால் சிமெண்ட் லாரி மாட்டினால் கூடுதலாகும்; குழந்தையோடு ஜன்னலோரம் உட்காராதீர்கள், ஒரே தூசி. அரியலூரில் இட்லி சாப்பிட்டதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“மாத்திரை போடலையாண்ணே?”

“நேத்தே நிறுத்திட்டேன். கத்தி பட்டா ரத்தம் நிக்காதுல்ல? நாளைக்குப் போட்டுக்கறேன்.”

அது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை. நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டெலிபோன் பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டேன்.

“யாரைக் கேட்டு நிறுத்துனாரு? இப்பவே போடச் சொல்லுங்கம்மா. விட்டதுக்கும் சேத்து ரெண்டா வேண்டாம். நெஞ்சு வலிச்சா கோயில் கீயில்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.”

என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். அங்கிருந்து திருமானூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியெல்லாம் கரும்பும் நெல்லும் பச்சையாம். நான் அண்ணன் நெற்றி வேர்க்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில், மொட்டைக்குப் பதில் பெண்கள் மூன்று கொத்து முடி கொடுப்பார்களே, அதைக் கேட்டுப் பார்த்தேன். “பூமுடி குடுத்துடேண்ணே.”

“பொம்பளையாட்டமா?”

கூட வந்திருந்த அண்ணி விடவில்லை. “மண்டையில இருக்கறதே அம்புட்டுதான். மூணு கொத்து போனா பாதி மொட்டை. சாமி கணக்குல வச்சுக்கும், குனிங்க.”

முடியெடுப்பவர் சிரித்துக்கொண்டே கத்தியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அப்புறம் மகன் முறை. காது குத்தும்போது அவனும் அழுதான், மாமனும் அழுதார்.

ஸ்டென்ட் வைத்தவரோடு வேண்டுதலுக்குக் கிளம்புகிறவர்கள் நாள் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை உங்கள் கைப்பையில் வையுங்கள், போடுவதையும் நின்று பாருங்கள்.

திரும்பும் பஸ்ஸில் மகன் சந்தனம் பூசிய மொட்டைத் தலையை மாமன் நெஞ்சில் சாய்த்துத் தூங்கிவிட்டான். அண்ணன் மூச்சு விட விட அந்தத் தலை ஏறி இறங்கியது. பெரம்பலூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.