ஊசி போடாத சிஸ்டர்

பிரசவ வார்டில் அவளுக்கு 'ஊசி போடாத சிஸ்டர்' என்று பெயர். பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையை அளக்கும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது. நெற்றியில் வைத்து அழுத்தினால் மினுக்கென்று ஓர் ஒளி; உடனே எண் வந்துவிடும். சொட்டு ரத்தம் வேண்டாம். முன்பெல்லாம் குதிகாலில் குத்தினால் பிள்ளை வீறிடும், பெற்றவளும் சேர்ந்து அழுவாள். அந்தப் பாவம் தன்னை விட்டுத் தொலைந்ததென்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கருவியின் புகழ் பாடுவாள். அந்தப் பாட்டே ஒருநாள் அவளைக் கவிழ்த்தது.

பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போயிருந்த ஒரு தம்பதி பிள்ளையைக் காட்ட வந்தார்கள். நெற்றியில் வைத்தாள். எண் குறைவு. அப்பாவுக்கு முகமெல்லாம் பல். ஆனால் பிள்ளையின் வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. சிஸ்டர் அம்மாவிடம் திரும்பினாள்.

"வெயில்ல போட்டீங்களாம்மா?"

"தினமும் ஜன்னலோரமா, நாப்கினோட மட்டும். நல்லதுன்னு சொன்னாங்களே," என்றாள் அம்மா.

வெளிச்சம் பட்ட தோலில் மட்டும் மஞ்சள் வெளுத்துவிடும். கருவி தோலைத்தான் பார்க்கும், உள்ளே ஓடும் ரத்தத்தை அல்ல. நாப்கினை அவிழ்த்து, வெயில் படாத இடுப்பில் வைத்தாள். எண் எகிறியது.

"இந்த மஞ்சள் மூளைக்குப் போயிடும் சார். உடனே ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"ஒரே புள்ளைக்கு ரெண்டு கணக்கா? மிஷின் கெட்டுப்போச்சு. ஊசியே வேணாம்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

சொன்னாள்தான், வாய் ஓயாமல் சொன்னாள். இரண்டு எண்ணைக் காட்டினால் பெற்றவன் சின்னதைத்தான் நம்புவான். தன் பிள்ளையாக இருந்தால் அவளும் அதைத்தான் நம்பியிருப்பாள். டாக்டர் வந்து எடுத்துச் சொன்னார். அவள் கெஞ்சினாள். மனிதர் மசியவில்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சம்மதம் இல்லாமல் குத்தவும் முடியாது.

கடைசியில் அம்மாதான் பிள்ளையை நீட்டினாள். "எடுத்துடுங்க சிஸ்டர். அவன் அழுதா மட்டும் என்னால பாக்க முடியாது." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிஸ்டர் குதிகாலைத் துடைத்துக் குத்தினாள். ரத்தம் வந்தது. மஞ்சள் மூளையைத் தொட்டுவிட்டால் பிள்ளை அழுவதைக்கூட மறந்துவிடும். அழுடா, இந்த வார்டே இடியும்படி அழுடா என்று மனதுக்குள் மன்றாடினாள். பிள்ளை உதட்டைக்கூடச் சுழிக்கவில்லை.

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"முடிஞ்சுதா? சத்தமே இல்ல. எம்புள்ள சமத்து, இல்ல சிஸ்டர்?"